சோலையும் சோலைவரியும்

வீட்டுக்கும் வளவுக்கும் ஆண்டுதோறும் சபைக்குச் செலுத்தும் வரியைச் சோலைவரி என்று அழைப்பது எமது நாட்டுத் தமிழ் வழக்கு. இனிமையான சொல். ஆனால் வரி கட்டிய சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சோலை எங்கே என்று கேட்பார் எவருமில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் சபையை ஏசுகிறோம். குப்பை அள்ளாவிட்டால் கடிதம் எழுதுகிறோம். பிள்ளைகள் ஓடி விளையாட ஓரிடம் இல்லையே, வேலை முடிந்து வருபவன் மாலையில் உட்கார ஒரு மரநிழல் இல்லையே என்று சபையைக் குறைகூறுவோர் மிகச் சிலர். இவையெல்லாம் கிடைத்தால் நல்லவை, கிடைக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளத் தக்கவை என்ற எண்ணம் எம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. உள்ளூராட்சிச் சபையின் கடமைகளை எழுதுமாறு மேல்வகுப்பு மாணவரிடம் ஒருமுறை கூறினோம். வீதி, வடிகால், சந்தை, சுடலை என்று எழுதியோர் பலர். பூங்காவை எழுதியோர் இருவர். அவ்விருவரும் அதனைக் கடைசி வரியிலேயே எழுதியிருந்தனர்.

இந்த மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. எமது சபைகளின் சட்டமும் வரிமுறையும் கணக்குமுறையும் பிரித்தானியர் ஆட்சியில் உருவானவை. பொதுமக்களுக்குப் பூங்கா அமைத்தல் ஒரு சபையின் வேலைதானா என்ற கேள்வி அந்நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூர்மையாக எழுந்தது. அதற்கு விடை கூறியோர் யார், யாருடைய நன்மை கருதிக் கூறினர் என்று ஆராய்வது பயனுடையது.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்பு ஆங்கிலக் கிராமத்து உழவனுக்குப் பூங்கா தேவைப்படவில்லை. ஊர்ப் பொதுநிலம் இருந்தது. ஆடு மாடு மேய்ந்ததும், விறகு பொறுக்கியதும், திருநாட்களில் பந்தடித்ததும் அந்நிலத்திலேயே. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு, நிலப்பிரபுக்கள் நிறைந்திருந்த பாராளுமன்றம் சட்டத்தின் மேல் சட்டம் இயற்றி அப்பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியார் உடைமையாக்கியது. பிடிமண் இழந்தோர் ஆலைப் பட்டினங்களை நாடினர். 1801ஆம் ஆண்டுக்கும் 1831ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் மாஞ்செஸ்டரின் குடித்தொகை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. வீட்டோடு வீடு முதுகொட்டி நின்ற வரிசைகளிலே, காலையில் இருள் விலகுமுன் ஆலைக்குச் சென்று இரவில் திரும்பிய ஆணும் பெண்ணும் குழந்தையும் பசும்புல்லைக் காண ஞாயிற்றுக்கிழமை ஒன்றே வாய்ப்பு. அதற்கும் நெடுந்தூரம் நடக்கவேண்டும். நடந்து சென்றால் அங்கே வேலி நின்றது.

1833ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பொது நடைவெளிகளைப் பற்றி ஆராய ஒரு தெரிகுழுவை நியமித்தது. அதன் தலைவர் ரொபர்ட் சிலேனி என்ற உறுப்பினர். பெருநகரங்களில் உழைக்கும் மக்கள் உலாவ இடமில்லை என்ற உண்மையை அக்குழு ஒளிக்காமல் கூறியது. அது போற்றத்தக்கது. ஆனால் இடம் ஏன் வேண்டும் என்பதற்கு அது கூறிய காரணங்களைப் படிப்போருக்கு முறுவல் அரும்பாமல் இராது. வெளியில்லாதபடியால் தொழிலாளி கள்ளுக்கடைக்குப் போகிறான். வெளி இருந்தால் மனைவி மக்களோடு உலாவ வருவான். உலாவ வந்தால் தன்னிலும் உயர்ந்த படியிலுள்ளோர் கண்ணிற் படுவான். கண்ணிற் படுவதால் நல்ல உடை உடுக்க விரும்புவான். நல்ல உடை வேண்டுமானால் கடுமையாக உழைப்பான். பூங்காவின் வாயிலால் நுழைந்தவன் எப்படியோ ஆலையின் வாயிலால் வெளிப்படுகிறான்! பசுமையின் மேல் ஆட்சியாளருக்கு உண்டான முதற் காதல் இத்தகையது.

நல்லெண்ணம் கொண்ட செல்வர் சிலர் தம் கைப்பணத்தைச் செலவிட்டனர் என்பதையும் கூறவேண்டும். டார்பி நகரத்தில் ஆலை முதலாளியும், சீர்திருத்தப்பட்ட நகரசபையின் முதல் மேயருமாகிய ஜோசப் ஸ்ட்ரட், 1840ஆம் ஆண்டில் ஏறத்தாழ 11 ஏக்கர் கொண்ட மரத்தோட்டமொன்றை நகருக்கு நன்கொடையாக வழங்கினார். பெயர்பெற்ற தோட்டக்கலைஞர் லௌடன் அதனை வகுத்தார். ஞாயிறும் புதனும் நுழைவு இலவசம்; ஏனைய நாட்களிற் கட்டணம். புதன்கிழமை பகலில் ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வு எங்கிருந்து வரும் என்பதை ஆலை முதலாளி அறியாதவர் அல்லர். கட்டணத்தை முற்றாக நீக்குவதற்கு 1882ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. கொடை என்பது கொடுப்பவனின் நிபந்தனையோடு வருவது. வாங்குபவன் நாட்குறிப்பைப் பார்த்துக்கொண்டு வாயிலில் நிற்கவேண்டியதுதான்.

கொடைக்கு அப்பால் அச்சம் என்ற தூண்டுகோலும் இருந்தது. லண்டனின் தென்பகுதியிலுள்ள கெனிங்டன் பொதுவெளியின் கதையை எமது மாணவர் அறிந்திருத்தல் நன்று. முற்காலத்தில் குற்றவாளிகளைத் தூக்கிலிட்ட இடம் அது. பின்னர் பந்தாட்டத்துக்கும் சமயப் பிரசங்கத்துக்கும் மக்கள் கூடிய இடம். 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சாசன இயக்கத்தார் அவ்வெளியிலே திரண்டனர். எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்களிப்பு முதலிய கோரிக்கைகள் அடங்கிய விண்ணப்பத்தைப் பாராளுமன்றத்துக்கு எடுத்துச் செல்வது அவர்கள் திட்டம். பாரிஸ் நகரில் அரியணை கவிழ்ந்து இரண்டு மாதங்கூட நிரம்பாத நேரம். அரசி லண்டனை விட்டு வெளியேறியிருந்தார். வெலிங்டன் கோமகனின் பொறுப்பில் படைகள் பாலங்களைக் காத்தன. நடுத்தர வகுப்பினர் பல்லாயிரவர் விசேட காவலராகச் சத்தியப்பிரமாணம் செய்து தடியேந்தி நின்றனர். தொழிலாளரை வழிநடத்தியோருள் வில்லியம் கஃபே என்ற தையற்காரர் ஒருவர். மேற்கிந்தியத் தீவில் அடிமையாயிருந்த ஒருவரின் மகன் அவர். அதே ஆண்டில் சதிக்குற்றம் சாட்டப்பட்டுத் தஸ்மேனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அன்றைய கூட்டத்தை வில்லியம் கில்பேர்ன் எடுத்த ஒளிப்படம் இன்றும் இருக்கிறது. மழைமேகத்தின் கீழே, தொப்பியணிந்த தலைகள் கடலாய்த் தெரிகின்றன.

அதன் பின் நடந்ததே எமது பொருளுக்கு உரியது. 1852ஆம் ஆண்டில் அவ்வெளியை வேலியடைப்பதற்குச் சட்டம் நிறைவேறிற்று; 1854ஆம் ஆண்டில் அது கெனிங்டன் பூங்கா எனத் திறக்கப்பட்டது. பூப்பாத்திகள் வந்தன; வளைந்த நடைபாதைகள் வந்தன; வாயிலும் காவலும் வந்தன. பெரும் பொருட்காட்சியில் அல்பேட் இளவரசர் காட்டிய தொழிலாளர் மாதிரி வீட்டையும் கொண்டுவந்து அங்கே நிறுத்தினர். வாக்குரிமை கேட்டு நின்ற இடத்தில் வீட்டின் மாதிரி கிடைத்தது! பூப்பாத்தியை வெறுப்பவர் அல்லர் நாம். அந்த மண்ணுக்கு அழகு வந்தது உண்மை. நோய்நொடிக்குள் வாழ்ந்த மக்களுக்குக் காற்று கிடைத்தது உண்மை. ஆயினும் பல்லாயிரவர் தோளோடு தோள் நிற்கக்கூடிய வெளியொன்று, இருவர் மூவராக உலாவும் தோட்டமாக மாறியதும் உண்மையே. இவ்வுண்மைகளை ஒன்றையொன்று மறைக்காதபடி பார்ப்பதுதான் வரலாற்று மாணவனின் வேலை.

மறுதலையான சான்றும் உண்டு. கிழக்கு லண்டன் மக்கள் முப்பதாயிரம் பேர் ஒப்பமிட்டு 1840ஆம் ஆண்டில் அரசிக்கு விண்ணப்பித்ததன் பயனாக 1845ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது விக்டோரியா பூங்கா. மேற்கு லண்டனிலிருந்த ஒரு மாளிகையின் உரிமையைக் கோமகன் ஒருவருக்கு விற்றுப் பெற்ற பணத்தாலேயே அதற்குரிய நிலம் வாங்கப்பட்டது. அங்கே பூக்களும் பூத்தன, பேச்சாளரும் மேடையேறினர். 1880களில் கவிஞர் வில்லியம் மொறிஸ் அம்மரங்களின் கீழ் சமதர்மம் பேசினார். எனவே வேலியும் பாத்தியும் மட்டும் ஒரு பூங்காவின் தன்மையைத் தீர்மானிப்பதில்லை. கேட்டுப் பெற்றவர் கேட்பதை நிறுத்தாதிருந்தால் பூங்காவும் வாய் திறக்கும்.

இனி, பூங்கா வரலாற்றை எழுதுவோர் யாவரும் முதலிடம் கொடுக்கும் பேர்க்கன்ஹெட் நகருக்கு வருவோம். லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில், மேர்சி ஆற்றின் மறுபுறத்தில், கப்பல் கட்டும் தொழிலால் திடீரென வளர்ந்த பட்டினம் அது. பூங்காவுக்கென வரி விதிக்கும் பொது அதிகாரம் அக்காலத்து நகரசபைகளுக்கு இல்லை. எனவே அந்நகரின் மேம்பாட்டு ஆணையாளர் 1843ஆம் ஆண்டில் தமக்கெனத் தனிச்சட்டமொன்றைப் பாராளுமன்றத்திற் பெற்றனர். சதுப்பும் மேய்ச்சலுமாகக் கிடந்த ஏறத்தாழ 226 ஏக்கர் நிலத்தை வாங்கினர். குறைந்தது 70 ஏக்கரையாவது குடிமக்களின் இலவசப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கவேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆணையாளர் ஒதுக்கியதோ 125 ஏக்கர். மிகுதியைப் பூங்காவைச் சுற்றி மனைகளாகப் பிரித்து, மாளிகை கட்ட விரும்பும் செல்வருக்கு விற்பது திட்டம்.

இதன் நுட்பத்தை ஊன்றி நோக்கவேண்டும். சதுப்புநிலத்துக்கு விலை குறைவு. அதன் நடுவில் பூங்கா அமைந்தால் அதைப் பார்த்த மனைக்கு விலை கூடும். அந்த விலையேற்றத்தைத் தனியார் எவரும் தட்டிக்கொண்டு போகாமல் சபையே பெற்று, அதனால் பூங்காவின் செலவை ஈடுசெய்யலாம். பொதுமுயற்சியால் உண்டாகும் நிலப்பெறுமதி பொதுமக்களுக்கே சேரவேண்டும் என்ற கொள்கையின் முளை இதிலே இருக்கிறது. ஆனால் அதே திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பூங்காவைச் சாளரத்தால் பார்த்துக்கொண்டிருப்பவர் வணிகர். அதற்கு நடந்து வரவேண்டியவர் துறைமுகத் தொழிலாளி. பசுமை பொதுவாயிற்று, அதன் அண்மை விலைப்பொருளாயிற்று. இன்று எந்த நகரத்திலும் பூங்காவுக்கு அருகே காணி விலை ஏறி, அங்கே குடியிருந்த ஏழைகள் மெல்ல மெல்ல வெளியேறுவதைக் காண்கிறோமே, அதன் கணக்குப் புத்தகம் பேர்க்கன்ஹெட்டில் திறக்கப்பட்டது.

பூங்காவை வகுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். எளிய உழவர் குடும்பத்திற் பிறந்து, பிரபு ஒருவரின் தோட்டக்காரராய் உயர்ந்து, பின்னர் லண்டனில் பளிங்கு மாளிகையை எழுப்பியவர் அவரே. சதுப்பைத் தோண்டி இரண்டு ஏரிகள் ஆக்கினார். தோண்டிய மண்ணைக் குன்றுகளாகக் குவித்தார். வண்டிப் பாதையையும் நடைபாதையையும் வேறுபிரித்தார். 1847ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. அதே நாளில், அதே விருந்தினராகிய மோர்பெத் பிரபு, அந்நகரின் புதிய கப்பற்றுறைகளையும் திறந்துவைத்தார். மூலதனத்துக்குத் துறை, அதில் உழைப்போருக்குச் சோலை; ஒரே நாளில் இரு திறப்பு விழா. அதற்கு இரண்டு மாதங்களின் பின்னர்தான், ஆலைகளிற் பெண்களினதும் இளையோரினதும் வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. பல்லாண்டுப் போராட்டத்தின் விளைவு அது. பூங்கா இருந்தால் மட்டும் போதுமா? அதற்குப் போக மாலைப்பொழுது வேண்டாமா? அந்த மாலைப்பொழுதை எந்தத் தோட்டக்கலைஞனும் வகுத்துக் கொடுக்கவில்லை.

1850ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் ஒருவர் அவ்வழியே வந்தார். பாண் வாங்கச் சென்ற கடையில், எங்கள் புதிய பூங்காவைப் பாராமற் போகவேண்டாம் என்று பேக்கரிக்காரர் வற்புறுத்தினார். சென்று பார்த்த இளைஞர் பிரடரிக் லோ ஓம்ஸ்டெட். ஏழையும் செல்வரும் ஒரே பாதையில் நடப்பதைக் கண்டு, குடியாட்சி நாடான தம் நாட்டில் இதற்கு ஒப்பானது ஒன்றுமில்லையே என்று வியந்து எழுதினார். பின்னாளில் நியூயோர்க் நகரின் நடுவண் பூங்காவை இன்னொருவருடன் சேர்ந்து வகுத்தவர் அவரே. ஓம்ஸ்டெட்டைப் பாராட்டும் நூல்கள் பல. அப்பூங்காவுக்காக 1857ஆம் ஆண்டில், சொந்தக் காணி வைத்திருந்த கறுப்பின மக்களின் செனெக்கா கிராமம் உட்படப் பல குடியிருப்புக்கள் அகற்றப்பட்டன என்பதும், ஏறக்குறைய 1,600 பேர் வெளியேற்றப்பட்டனர் என்பதும் நெடுங்காலம் எவர் நினைவிலும் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும், 1875ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளூர்ச் சபைகளுக்குப் பூங்கா அமைக்கவும் பேணவும் அதிகாரம் வழங்கின. இலக்கணம் கற்பிப்போர் என்ற முறையில் இவ்விடத்தில் ஒரு விகுதியைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். சட்டம் ‘அமைக்கலாம்’ என்றதேயன்றி ‘அமைக்கவேண்டும்’ என்று கூறவில்லை. சாக்கடைக்கு ‘வேண்டும்’, சோலைக்கு ‘லாம்’. பணம் இருந்தால் செய்யலாம். மனம் இருந்தால் செய்யலாம். அந்த ‘லாம்’ இங்கிலாந்தில் இன்றுவரை மாறவில்லை. 2010ஆம் ஆண்டின் பின் அரசாங்கம் உள்ளூராட்சி நிதியை வெட்டியபோது, கட்டாயக் கடமையல்லாத காரணத்தால் முதலில் வாடியவற்றுள் பூங்காவும் ஒன்று. பொதுப்பூங்காக்கள் ஆபத்தான திருப்பத்தில் நிற்கின்றன என்று 2017ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவே எச்சரித்தது. வேலியடைப்பின் கணக்கையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்: 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1869ஆம் ஆண்டு வரை ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டது, மக்களின் விளையாட்டுக்கென ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 1,750 ஏக்கர். எடுத்துக்கொண்டது ‘வேண்டும்’ என்ற விகுதியில். கொடுத்தது ‘லாம்’ என்ற விகுதியில்.

தொழிலாளர் தாமே சபையைக் கைப்பற்றினால் என்ன நிகழும்? அதற்குத் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பேர்மண்ட்சி என்ற பகுதி விடை தருகிறது. இதை நாம் விரிவாகக் கூற விரும்புவதற்குக் காரணம் உண்டு.

1921ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய ஒரு இலட்சத்து இருபதாயிரம் மக்கள் நெருக்குண்டு வாழ்ந்தனர். கப்பற்றுறை, தோல் பதனிடும் சாலை, பிஸ்கற் தொழிற்சாலை, ஜாம் தொழிற்சாலை இவற்றின் நாற்றமும் புகையும் சூழ்ந்த சந்துகள். அல்பிரட் சோல்ற்றர் என்ற மருத்துவர் செல்வருக்கு வைத்தியம் பார்த்துப் பொருளீட்டும் வாய்ப்பைத் துறந்து அங்கே வந்து குடியமர்ந்தார்; இல்லாதவரிடம் பணம் வாங்காமல் மருந்து கொடுத்தார். அவர் மனைவி ஏடா சோல்ற்றர் உழைக்கும் பெண்களைச் சங்கமாக்கியவர். தம் ஒரே குழந்தையையும் அயலவர் பிள்ளைகளோடு அதே தெருவில் வளர்ப்பதே நேர்மை என்று இருவரும் கருதினர். 1910ஆம் ஆண்டில் அக்குழந்தை செங்காய்ச்சலால் இறந்தது. எட்டு வயது. அதன் பின்னரும் அவர்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

ஏடா 1922ஆம் ஆண்டில் பேர்மண்ட்சியின் மேயரானார். லண்டன் நகரசபைகளில் மேயரான முதற் பெண் அவர். பிரித்தானியாவில் தொழிற்கட்சியின் முதற் பெண் மேயரும் அவரே. மேயருக்குரிய அங்கியையும் சங்கிலியையும் அணிய மறுத்தார். சபையில் அழகுபடுத்தற் குழு என்ற ஒன்றை அமைத்து நடத்தினார். பெயரைக் கேட்டால் சீமாட்டிகளின் பொழுதுபோக்குச் சங்கம் போல் ஒலிக்கும். செய்த வேலை அப்படிப்பட்டதல்ல. தெருவெங்கும் மரம் நட்டனர். 1930களுக்குள் ஏறக்குறைய 9,000 மரங்கள். புதைப்பு நின்றுபோன பழைய தேவாலய முற்றங்களைச் சிறுவர் விளையாடும் இடங்களாக்கினர். சென் ஜேம்ஸ் தேவாலய முற்றத்தில் 1921ஆம் ஆண்டில் அமைந்த மரச் சறுக்குக்கோபுரம் நகரெங்கும் பேசப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புக்களின் சாளரங்களிற் பூச்சாடி வைக்க ஊக்கமளித்தனர். பூச்செடிகளுக்குப் போட்டி வைத்தனர். மரத்தோடு மட்டும் நிற்கவும் இல்லை. 1926ஆம் ஆண்டில் சயரோகிகளுக்கு ஒளிச்சிகிச்சை அளிக்கும் நிலையத்தைச் சபை திறந்தது. அடுத்த ஆண்டில் பொதுக்குளியல் மாளிகை. சபையின் சுகாதாரப் பகுதி தானே படம் பிடித்து, மோட்டார் வண்டியில் ஏற்றித் தெருமுனைகளிற் காட்டிச் சுகாதாரம் கற்பித்தது. மரமும் மருந்தும் குளியலும் படிப்பும் ஒரே திட்டத்தின் கிளைகளாயின. நகரத் திட்டம் என்று நூலோர் கூறுவதை அம்மக்கள் தெருவிலே செய்து காட்டினர்.

இடதுசாரிகளாகிய எம்மிடையே இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பசித்தவனுக்குப் பூவா? வேலையில்லாதவனுக்கு மரமா? இம்மறுப்பை அலட்சியம் செய்ய நாம் தயாரில்லை. ஆனால் அதன் உள்ளே ஓர் இகழ்ச்சி மறைந்திருப்பதைக் காணவேண்டும். தொழிலாளியைப் பசிக்கும் வயிறாகவும் உழைக்கும் கையாகவும் மட்டுமே முதலாளி காண்கிறான். அந்தக் கண்ணையே நாமும் இரவல் வாங்குவதா? அழகை அனுபவிக்கும் உணர்வு செல்வரின் பரம்பரைச் சொத்தல்ல என்பதைப் பேர்மண்ட்சிச் சாளரத்துப் பூச்சாடிகள் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் தெளிவாகக் கூறின.

மெய்யான இடர் வேறிடத்தில் இருந்தது. அது வரிக்கணக்கு. பணக்காரர் வாழும் மேற்கு லண்டன் சபையொன்று ஒரு பவுண் வீட்டுப் பெறுமதிக்கு ஒரு பெனி வரி விதித்தால் பெருந்தொகை சேரும். ஏழைகளின் குடிசைக்கு அதே ஒரு பெனி விதித்தால் சில்லறை சேரும். தேவை அதிகமுள்ள இடத்தில் பணம் குறைவு. பணம் உள்ள இடத்தில் தேவை குறைவு. கிழக்கு லண்டனின் பொப்லர் சபை உறுப்பினர் முப்பது பேர் ஜோர்ஜ் லான்ஸ்பரியின் தலைமையில் 1921ஆம் ஆண்டில் சிறை சென்றது இதற்காகவே. செல்வச் சபைகளும் ஏழைச் சபைகளும் ஏழை நிவாரணச் சுமையைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அரசாங்கம் இறங்கிவரவேண்டியதாயிற்று. அதே லான்ஸ்பரி பின்னர் அமைச்சராகி, 1930ஆம் ஆண்டில் ஹைட் பூங்கா ஏரியில் ஆணும் பெண்ணும் பொதுவாக நீராட ஒரு துறை திறந்தார் என்பது சிறைக்கதையைப் போல அவ்வளவு பரவாத செய்தி.

பேர்மண்ட்சியின் கனவு முழுதும் நனவாகவில்லை. சேரிகளை அகற்றி, முற்றமும் தோட்டமும் உடைய சிறு வீடுகளைக் கட்டுவது சோல்ற்றர் தம்பதியரின் பெருவிருப்பம். மேலிடத்து அதிகாரிகள் அடுக்குமாடிகளையே வற்புறுத்தினர். வில்சன் குறோவ் என்ற இடத்தில் கட்டி முடிந்தவை 54 வீடுகள் மட்டுமே. 1940ஆம் ஆண்டில் ஜேர்மன் குண்டுகள் கப்பற்றுறையைத் தேடி வந்தபோது அப்பகுதியிற் பெரும்பங்கு அழிந்தது. ஏடா 1942ஆம் ஆண்டில் மறைந்தார். பின்னாளில் நதிக்கரையில் வாங்கொன்றில் அமர்ந்திருக்கும் கோலத்தில் மருத்துவருக்கு வெண்கலச் சிலை வைத்தனர். 2011ஆம் ஆண்டில் உலோகத்துக்காக அதைக் கள்வர் பெயர்த்துச் சென்றனர். அயலவர் பணம் திரட்ட, சபையும் பங்களிக்க, 2014ஆம் ஆண்டில் புதிய சிலைகள் எழுந்தன. இம்முறை ஏடாவும் அங்கே நிற்கிறார், கையில் மண்வெட்டியுடன்.

எமது நாட்டுக்கு இவ்வரலாற்றின் எந்தப் பக்கம் வந்து சேர்ந்தது? கொழும்புக் காலிமுகத் திடலின் நடைவெளியை 1859ஆம் ஆண்டில் முடித்துவைத்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பிலுள்ள சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நன்மைக்கென அதைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கல்லிற் பொறித்துக் கேட்டுக்கொண்டார். எந்தச் சீமாட்டிகள், யாருடைய குழந்தைகள் என்பதை அக்காலத்தில் எவரும் விளக்கக் கேட்டிரார். கொழும்பு மாநகரசபை தோன்றியது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1865ஆம் ஆண்டில். ஆக, மேலிருந்து வந்த கொடையும் நிபந்தனையும் இங்கே முதலில் வந்தன. ஆயினும் திடல் கல்வெட்டுக்குக் கட்டுப்படவில்லை. அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, 1953ஆம் ஆண்டு ஜூலையில் இடதுசாரிகள் கூட்டிய பெருங்கூட்டம் அத்திடலிலேயே திரண்டது. அடுத்த மாதம் 12ஆம் நாள் ஹர்த்தால். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இளைஞர் கூடாரமிட்டு, நூலகமும் சமையற்கூடமும் அமைத்து அமர்ந்ததும் அதன் அருகேயே. கெனிங்டன் பொதுவெளியைப் பூங்காவாக்கியோர் எதற்கு அஞ்சினரோ அது காலிமுகத்தில் இருமுறை நிகழ்ந்தது.

கிராமங்களின் கதை வேறு. வாசிகசாலையும் சனசமூக நிலையமும் எமது ஊர்களில் இளைஞர் கையாற் கல் சுமந்து கட்டியவை. சபை பின்னால் வந்து பதிவு செய்து சிறு மானியம் கொடுத்தது. இது பெருமைக்குரியது. சபை ஏன் முன்னால் வரவில்லை என்று கேளாமல் விடுவதற்கு அந்தப் பெருமையே சாட்டாகவும் ஆகிவிட்டது. பிரதேச சபைகளை உருவாக்கிய 1987ஆம் ஆண்டுச் சட்டம் மக்களின் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பை அச்சபைகளுக்கு வழங்குகிறது. எமக்குத் தெரிந்த ஓரூரில் அப்பொறுப்பின் அடையாளமாக ஒரு சிறுவர் பூங்கா இருக்கிறது. ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்குகிறது. சறுக்குமரத்தில் துரு ஓட்டையிட்டிருக்கிறது. திறந்துவைத்தோர் பெயர் பொறித்த கல் மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. அமைத்தற்குப் பணம் ஒதுக்கியோர் பேணுதற்கு ஒதுக்கவில்லை. பேர்மண்ட்சியில் மரத்தை நட்டோர் அதற்கு நீரூற்றும் ஆளையும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதினர்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எமது உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. பணமில்லை என்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் வாக்களிப்பு நடைபெறும் வரை, இரண்டாண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இல்லாமல் அதிகாரிகளே ஏறக்குறைய எல்லாச் சபைகளையும் நடத்தினர். எந்தக் காணி எதற்கு, எந்த வெளிக்கு வேலி, எந்த வாசிகசாலைக்கு எவ்வளவு என்று கேட்பதற்குச் சபா மண்டபத்தில் ஆளில்லை. சோலைவரி மட்டும் வழமைபோல் அறவிடப்பட்டது.